சீனியின் பத்து நாள் வெள்ளோட்டம்

ஓய்வு பெற்ற இருபத்தி மூன்றாம் நாள், ஒரு கிளி வாங்கி வளர்ப்பதென்று மாரப்பன் முடிவு செய்தார். கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்த பாவாத்தாள் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"கிளி எதுக்குங்க?"

"பேச்சுத் துணைக்கு அம்மிணி."

"ஏன், நான் ஊமையா?"

இதற்கு மாரப்பனிடம் நல்ல பதில் ஒன்று இருந்தது. சொன்னால் அன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்பு கிடைக்காது என்பதால் வாயை மூடிக்கொண்டார். அவர் வாயை மூடுவதெல்லாம் வருசத்துக்கு ஒரு தடவை நடக்கிற சங்கதி.

முப்பத்திரண்டு வருசம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். ஒண்டிப்புதூரிலிருந்து உக்கடம், உக்கடத்திலிருந்து ஒண்டிப்புதூர். சில்லறை கேட்கிற சாக்கில் ஒரு பயணியிடம் பேச்சை ஆரம்பிப்பார். அந்த ஆள் இறங்குவதற்குள் அவர் மகள் எந்தக் காலேஜ், மாமியாருக்கு எந்தக் காலில் வலி, புது வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் என்பது வரைக்கும் கேட்டு, தன் கதையையும் அதே அளவுக்குச் சொல்லி முடித்திருப்பார். அப்பேர்ப்பட்ட மனுசனை ஒரு மாலையும் ஒரு சால்வையும் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அவர் என்னதான் செய்வார், பாவம்.

பாவாத்தாள் பால்வாடி டீச்சர். வெடியால ஒன்பது மணிக்குப் போனால் சாயந்திரம் நாலு மணிக்கு வருவாள். இருபத்தாறு குழந்தைகளின் அழுகையையும் சிரிப்பையும் காதில் வாங்கிக்கொண்டு வருகிறவளுக்கு, வீட்டுக்கு வந்ததும் ஒரு மணி நேரம் மிக்ஸி சத்தம்கூட ஆகாது. மாரப்பனோ ஏழு மணி நேரத்துப் பேச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்பார். ரெண்டு பேருக்கும் மனசு ஒத்துத்தான் இருந்தது, நேரம்தான் ஒத்துவரவில்லை.

"பச்சைக்கிளி வளர்க்கறதுக்குச் சட்டம் உடாதுங்க," என்றாள் பாவாத்தாள். "வனத்துறைக்காரங்க வந்து கிளியையும் கொண்டுபோயிருவாங்க, உங்களையும் கூட்டிட்டுப் போயிருவாங்க."

"அங்கியாவது பேசறதுக்கு ஆள் இருக்கும்," என்றார் மாரப்பன்.

அந்த வாரமே கிளிக்குத் தானாக ஒரு வழி பிறந்தது. பழைய ஆட்களைப் பார்க்கலாமென்று உக்கடம் போன மாரப்பன், மருந்துக்கடை வாசலில் உம்மல் குல்சும் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கோட்டைமேட்டுக்காரர். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவர். மாரப்பனின் பஸ்ஸில் முன்னாலிருந்து ரெண்டாவது சீட், ஜன்னலோரம், இருபது வருசம் அவருக்குப் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி. இப்போது மூச்சு வாங்கிக்கொண்டு, கையில் இன்ஹேலர் வைத்திருந்தார்.

"கிளி இறகுல இருந்து வர்ற தூசி ஆகாதுங்கறார் டாக்டர்," என்றார் டீச்சர். "வீட்டுல சீனி இருக்கான். ஆப்பிரிக்கன் கிரே. சாம்பல் நிறம், வால் மட்டும் செவப்பு. வாங்கினது, பதிஞ்சது, எல்லாக் காகிதமும் இருக்கு. அவனை யாருக்குக் குடுக்கறதுன்னுதான் தெரியலை."

மாரப்பனுக்குக் காது ரெண்டும் நிமிர்ந்துகொண்டன. "எனக்குக் குடுங்க டீச்சர்" என்று உடனே சொல்லிவிட்டார். யோசித்தாரா என்றால், டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் யோசித்தார்.

டீச்சர் அவரைக் கரும்பலகையில் தப்புக் கணக்குப் போட்ட பையனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "கண்டக்டரே, முழுசாக் கேளுங்க. அவனுக்குப் பன்னெண்டு வயசு. இன்னும் நாப்பது வருசம் இருப்பான். ஏற்கெனவே ரெண்டு வீட்டுக்குக் குடுத்தேன். ஒரு வீட்டுல நாலு நாள், இன்னொரு வீட்டுல ஒன்பது நாள். ரெண்டு பேரும் கொண்டுவந்து விட்டுட்டுப் போயிட்டாங்க. திரும்பி வந்தவன் நெஞ்சுல இருக்கற இறகைத் தானே புடுங்கிப் போட்டுட்டான். மூணாவது தடவை திரும்பி வந்தா அவன் தாங்கமாட்டான். நானும் தாங்கமாட்டேன்."

கடைசியில் டீச்சர் ஒரு ஏற்பாடு சொன்னார். பத்து நாள் வெள்ளோட்டம். பதினோராம் நாள் அவரே நேரில் வருவார். மாரப்பன் ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இல்லை என்றால் கூட்டிக்கொண்டு போய்விடுவார், அதுவும் மூன்றாவது திரும்பல்தான், ஆனால் ஒரு வருசம் பழகிவிட்டுத் திரும்புவதற்கு அது மேல். ஆமாம் என்றால், மாரப்பனுக்குப் பிறகு யார் பார்ப்பார்கள் என்று இன்னொரு ஆளின் கையெழுத்து வேண்டும்.

ஓசூரில் வேலை பார்க்கிற ஒரே மகன் யஷ்வந்துக்கு மாரப்பன் அன்றைக்கே போன் போட்டார். "அப்பா, எங்க பிளாட்டுல பூனையே வெக்கக்கூடாதுங்கறாங்க. கையெழுத்தெல்லாம் என்னால ஆகாது, ஆளை உடுங்க," என்று மகன் வைத்துவிட்டான். அதைப் பதினோராம் நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று மாரப்பனும் விட்டுவிட்டார்.

மாரப்பனின் வீடு பஸ் ஸ்டாப்பை ஒட்டின வீடு. ஜன்னலைத் திறந்தால் பஸ்ஸின் முன்படி தெரியும். அந்த ஜன்னலோரத்தில்தான் சீனியின் கூண்டை வைத்தார், வேடிக்கை பார்க்கட்டும் என்று. சீனி வந்த அன்றைக்கு அவர் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். "வாங்க, வாங்க," என்று கூண்டைப் பார்த்துக் கை கூப்பினார். கொய்யாப்பழம் வந்தது. மக்காச்சோளம் வந்தது. பச்சைப் பட்டாணி வந்தது. அடுத்ததாக ஒரு தட்டில் முறுக்கும் டம்ளரில் காப்பியும் வந்தபோது பாவாத்தாள் குறுக்கே வந்து ரெண்டையும் பிடுங்கிக்கொண்டாள்.

"உப்பும் காப்பியும் ஆகாதுன்னு டீச்சரம்மா எழுதிக் குடுத்திருக்காங்கல்ல?"

"ஒறம்பரை வந்திருக்குது, ஒரு வாய் காப்பி குடுக்காம எப்படி அம்மிணி?"

"ஒறம்பரைன்னா ரெண்டு நாள்ல கெளம்பிரும். இது கெளம்புமா?"

மாரப்பன் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் ஏற்கெனவே சீனியிடம் பேச ஆரம்பித்திருந்தார். தொண்ணூற்று எட்டில் பெய்த மழையில் பஸ் நின்றுபோன கதை. ராமநாதபுரத்தில் ஒரு பெண் பஸ்ஸிலேயே பிள்ளை பெறப் பார்த்த கதை. ஒண்டிப்புதூரிலிருந்து உக்கடம் வரைக்கும் ஸ்டாப் ஸ்டாப்பாக ஒப்பித்து, திரும்பி வரும் வழியையும் ஒப்பித்தார். சீனி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டது. மூன்று நாள் ஒரு சத்தம் இல்லை. பட்டாணியை மட்டும், இவர் குளிக்கப் போகிற நேரம் பார்த்துத் தின்றது. இப்படி ஒரு பயணி அவருக்கு சர்வீஸில் வாய்த்ததே இல்லை.

நாலாம் நாள் வேறு வழி தெரியாமல், சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்த பழைய விசிலை எடுத்தார். ஒரு விசில் அடித்தார். நிறுத்தச் சொல்கிற விசில். சீனி மெல்லத் திரும்பியது. ரெண்டு விசில் அடித்தார். போகச் சொல்கிற விசில். சீனி தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தது. மாரப்பனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அன்றைக்குப் பூராவும் அடித்தார், மறுநாளும் அடித்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் மரியாதைக்காரர்கள், ஒன்றும் கேட்கவில்லை. ஆறாம் நாள் மத்தியானம் கூண்டுக்குள்ளிருந்து கணீரென்று ரெண்டு விசில் வந்தது.

பால்வாடிக்குப் போன் போட்டார். ஓசூருக்குப் போட்டார். டிப்போவில் நாலு பேருக்குப் போட்டார். "என்ற கிளி டூட்டிக்கு ஏறிருச்சுங்க," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஏழாம் நாள் வெடியால எட்டேகாலுக்கு பஸ் வந்து நின்றது. கீரை விற்கப் போகிற ஒரு அம்மா தலைச்சுமையோடு நின்றிருந்தார். கண்டக்டர் தமிழ்ச்செல்வன் நல்ல பையன், மாரப்பனிடம் தொழில் கற்றவன். கீழே இறங்கி, கூடையைத் தூக்கிப் படியில் வைத்தான். அந்த அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு கம்பியைப் பிடிக்கக் கை நீட்டினார். அந்த நேரம் பார்த்து ஜன்னலிலிருந்து ரெண்டு விசில்.

டிரைவர் செங்கோட்டையனைக் குற்றம் சொல்ல முடியாது. பதினாறு வருசமாக ரெண்டு விசில் கேட்டால் அவர் கால் தானாகவே வேலை செய்யும். பஸ் கிளம்பியது. கீரைக்கூடை பஸ்ஸுக்குள்ளே, கீரைக்காரம்மா ரோட்டில், கண்டக்டரும் ரோட்டில். தமிழ்ச்செல்வன் பையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான். வாயில் விசில் இருந்தது, ஊத மூச்சுத்தான் இல்லை. அடுத்த ஸ்டாப்பில் நிறுத்தச் சொல்லி விசில் வராமல், இறங்க வேண்டியவர்கள் எல்லாரும் சேர்ந்து கத்தின பிறகுதான், வண்டியில் கண்டக்டரே இல்லை என்பது செங்கோட்டையனுக்குத் தெரிந்தது.

பஸ் திரும்பி வருகிற நடையில் தமிழ்ச்செல்வன் இறங்கி வீட்டுக்கு வந்தான்.

"அண்ணா, வெடியால விசில் அடிச்சது நீங்களுங்களா?"

"நான் இல்லீங்க தம்பி," என்றார் மாரப்பன். அது பொய்யும் இல்லை.

ஜன்னலோரத்திலிருந்து ரெண்டு விசில் வந்தது. தமிழ்ச்செல்வன் கூண்டை ரொம்ப நேரம் பார்த்தான். "இவருக்கு லைசென்ஸ் இருக்குதுங்களா அண்ணா?" என்றான். மாரப்பன் சிரித்தார். அவனும் சிரித்தான். ஆனால் போகிறபோது வாசலில் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"அந்தம்மா கம்பியைப் புடிச்சிருந்தாங்கன்னா இழுத்துட்டுப் போயிருக்கும்ங்க. படியில ஆள் இருக்கறப்ப விசில்ல கை வெக்காதேன்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதானுங்க."

மாரப்பனின் சர்வீஸில் ஒரு ஆளுக்கு ஒரு சிராய்ப்பு வந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு வரப் பார்த்திருக்கிறது. விசிலைத் துணியில் சுற்றி அலமாரிக்கு மேலே போட்டார். கூண்டைத் தூக்கிக்கொண்டு போய், ஜன்னல் இல்லாத பின்னறையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். கதவையும் சாத்தினார்.

மறுநாள் சாயந்திரம் அந்த அறையைக் கூட்டப் போன பாவாத்தாள் உள்ளங்கையில் எதையோ ஏந்திக்கொண்டு வந்தாள். ரெண்டு சாம்பல் இறகு. அடியில் துளி ரத்தம் காய்ந்திருந்தது. அவள் வையவில்லை. வைதிருந்தால் மாரப்பனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"டீச்சர்கிட்ட இல்லைன்னு சொல்லிடறேன் அம்மிணி," என்றார். "எனக்கு ஒரு உசுரை வெச்சுப் பாக்கத் தெரியலை. ஆசைக்குக் கேட்டுப்போட்டேன்."

"இல்லைன்னு சொன்னா மூணாவது தடவையாப் போச்சு," என்றாள் அவள். இறகைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏனுங்க, பால்வாடிக்குப் புதுசா வந்து அழுவற கொழந்தைகிட்ட நான் என்ன பண்ணுவேன், தெரியுமா உங்களுக்கு?"

மாரப்பனுக்குத் தெரியவில்லை. அவள் இருபத்திரண்டு வருசமாகப் பால்வாடிக்குப் போகிறாள். அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் வந்ததும் தன் கதையைச் சொல்வதற்கே நேரம் பத்தாது. அது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் வெட்கமாகப் போய்விட்டது.

"ஒண்ணுமே பண்ணமாட்டேன். தூக்கமாட்டேன், கொஞ்சமாட்டேன், பாட்டுப் பாடமாட்டேன். பக்கத்துல உக்காந்து என்ற வேலையப் பாத்துட்டு இருப்பேன். ஒரு நாளோ ரெண்டு நாளோ, அதுவா நகந்து நகந்து வந்து என்ற சேலையைப் புடிக்கும். நீங்க அதை ஒறம்பரையாட்டம் கும்புட்டீங்க, அப்பறம் வேலைக்கு ஏத்துனீங்க, இப்ப ரூமுக்குள்ள போட்டுப் பூட்டிட்டீங்க. சித்தெ வாயை மூடிட்டுப் பக்கத்துல உக்காந்தீங்களா?"

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கூண்டு மறுபடியும் முன்னறைக்கு வந்தது. மாரப்பன் ஸ்டாப்புக்குப் போய்த் தமிழ்ச்செல்வனிடமும் செங்கோட்டையனிடமும் கை கூப்பாத குறையாகப் பேசினார். இந்த ஒரு ஸ்டாப்பில் மட்டும் விசிலுக்கு வண்டி நகராது, தமிழ்ச்செல்வன் படியில் ஏறி நின்று பஸ்ஸின் பக்கவாட்டில் ரெண்டு தட்டுத் தட்டினால்தான் நகரும் என்று முடிவானது. "கிளிக்காக ஒரு தனி ரூல்," என்று செங்கோட்டையன் தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் ஒப்புக்கொண்டு, அந்த வழியில் ஓடுகிற மற்ற வண்டிக்காரர்களுக்கும் சொல்லிவிட்டார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் புருசனும் பெண்டாட்டியும் கூண்டுக்குப் பக்கத்தில் பாய் விரித்து மொச்சைக்காய் உரிக்க உட்கார்ந்தார்கள். பேசக்கூடாது என்பது பேச்சு. முதல் கால் மணி நேரம் மாரப்பன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மொச்சையில் ஒரு புழுவைப் பார்த்தார், அதைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லலாமென்று வாயைத் திறந்தார், பாவாத்தாள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். அரை மணி நேரம் போயிற்று. ஒரு பஸ் வந்தது. சீனி ரெண்டு விசில் அடித்தது, பஸ் நகரவில்லை, தட்டின பிறகு நகர்ந்தது. மறுபடி அமைதி. வீடு இத்தனை அமைதியாக இருந்து மாரப்பன் கேட்டதே இல்லை. அது ஒன்றும் அவர் நினைத்த அளவுக்கு மோசமாகவும் இல்லை.

அப்போது யாரோ இருமினார்கள்.

மாரப்பன் பாவாத்தாளைப் பார்த்தார். அவள் இருமவில்லை. மறுக்கா இருமல். இழுத்து இழுத்து, நெஞ்சுக்குள்ளே மூச்சு சிக்கிக்கொண்டு வெளியே வரப் பார்க்கிற இருமல். சீனி கம்பியில் குனிந்து உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தது. பிறகு உம்மல் குல்சும் டீச்சரின் குரலில், அச்சு அசலாக, மெதுவாகச் சொன்னது.

"ஒண்ணுமில்லடா சீனி. ஒண்ணுமில்ல. இப்பச் சரியாயிரும்."

மாரப்பன் கையிலிருந்த மொச்சை கீழே விழுந்தது. இந்தப் பறவை ஒன்பது நாளாக இதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. சொல்ல இடமே கொடுக்காமல் அவர் ஒண்டிப்புதூரிலிருந்து உக்கடம் வரை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கு அழுகை வந்துவிட்டது. துண்டை வாயில் வைத்துச் சத்தம் வராமல் அழுதார். பாவாத்தாள் உரித்த மொச்சை ஒன்றை எடுத்துக் கம்பிக்கு நடுவில் நீட்டினாள். சீனி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டது.

பதினோராம் நாள் சாயந்திரம் டீச்சர் பஸ்ஸில் வந்து இறங்கினார். உள்ளே வந்த நிமிசத்தில் சீனி கம்பியில் ஏறி இறங்கிக் கூண்டையே ஆட்டிவிட்டது. டீச்சர் கதவைத் திறந்தார். அது அவர் தோளில் ஏறிக் காதோரத்தில் மூக்கை வைத்துக்கொண்டது. டீச்சரும் கண்ணை மூடிக்கொண்டார். மாரப்பன் பார்த்தார். ஒரு மனுசன் இதைப் பார்த்த பிறகும் குடுங்கள் என்று கேட்கலாமா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

டீச்சர் சீனியின் நெஞ்சு இறகுகளை விலக்கிப் பார்த்தார். "ரெண்டு இறகு புதுசாப் போயிருக்கு," என்றார்.

மாரப்பன் ஒன்றையும் மறைக்கவில்லை. முறுக்கு, விசில், கீரைக்காரம்மா, பின்னறை, எல்லாவற்றையும் சொன்னார். அவர் வாழ்க்கையில் சொன்ன கதைகளிலேயே சின்னக் கதை அதுதான். கடைசியில் சொன்னார். "அன்னிக்குக் கேட்டப்ப நான் தயாராவே இல்லீங்க டீச்சர். நான் பேசறதைக் கேக்கறதுக்கு ஒரு ஆள் வேணும்னு இருந்ததுங்க, அவ்வளவுதான். இன்னிக்கும் முழுசாத் தயார்னு சொன்னாப் பொய்யாயிரும். ஆனா அது என்ன சொல்லுதுன்னு உக்காந்து கேக்கோணும்னு இருக்குதுங்க. அதனால ஆமாங்க."

"என்ன சொல்றான்?"

மாரப்பன் தயங்கினார். "உங்க இருமலுங்க. அப்பறம், ஒண்ணுமில்லடா சீனி, இப்பச் சரியாயிரும்னு சொல்லுதுங்க."

டீச்சர் சீனியின் தலையைத் தடவினார். "அது அவனுக்குச் சொன்னதில்லை கண்டக்டரே," என்றார். "மூச்சு முட்டறப்ப எனக்கு நானே சொல்லிக்கிட்டது. பக்கத்துல வேற யாரும் இல்லாததால அவன் பேரைச் சேத்துக்கிட்டேன்."

கையெழுத்துப் பேச்சு வந்தது. மாரப்பன் வாயைத் திறப்பதற்குள் பாவாத்தாள் பேனாவை எடுத்துவிட்டாள். மாரப்பன் அவளையே பார்த்தார். ஒரு மணி நேர அமைதிக்காகக் காத்துக்கிடந்த பெண், நாற்பது வருசத்துக்கு விசிலை விலைக்கு வாங்குகிறாள்.

"உனக்கு என்ன வயசு அம்மிணி?" என்றார் டீச்சர்.

"அம்பத்திரெண்டுங்க."

"இன்னும் நாப்பது வருசம்னா உனக்குத் தொண்ணூத்திரெண்டு."

"எங்கம்மாளுக்குத் தொண்ணூத்திமூணுங்க டீச்சரம்மா. கோபியில ரேசன் கடைக்கு இன்னமும் அதுதான் போகுது. வரிசையில குறுக்க பூந்தா வெளுத்துப்போடும்."

டீச்சர் சிரித்தார். சிரிப்பு அப்படியே இருமலாக மாறியது. மூச்சு இழுத்தது. தோளில் இருந்த சீனி இறகைச் சிலிர்த்துக்கொண்டது, அதில் பறந்த தூசி வெயிலில் தெரிந்தது. டீச்சர் இன்ஹேலரைத் தேடினார். மாரப்பன் ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்தில் போய்க் கையை நீட்டினார். நீட்டினபடியே நின்றார். சீனி டீச்சரின் முகத்தைப் பார்த்தது, அந்தக் கையைப் பார்த்தது. ரொம்ப நேரம் கழித்து ஒரு காலை எடுத்து வைத்தது. பிறகு இன்னொரு காலையும் வைத்தது.

இன்ஹேலரை உறிஞ்சி மூச்சு நிதானத்துக்கு வந்ததும் டீச்சர் திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தார். பாவாத்தாள் சீனியைக் கூண்டில் விட, மாரப்பன் பின்னாலேயே போய் அவரை பஸ் ஏற்றிவிட்டார். முன்னாலிருந்து ரெண்டாவது சீட், ஜன்னலோரம், காலியாகத்தான் இருந்தது. டீச்சர் அங்கே உட்கார்ந்து, வீட்டு ஜன்னலைப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்தார், முடியவில்லை. முக்காட்டுத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். தமிழ்ச்செல்வன் கடைசி ஆளையும் ஏற்றிவிட்டுப் படியில் நின்றான். டீச்சர் எழுந்து இறங்கிவிடுவாரோ என்று மாரப்பனுக்குத் தோன்றியது. இறங்கினால் தான் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

வீட்டிலிருந்து ரெண்டு விசில் வந்தது.

பஸ் நின்றால் அது அப்படித்தான் அடிக்கும், புதிதாக ஒன்றுமில்லை. செங்கோட்டையன் ஒப்பந்தப்படி அசையாமல் இருந்தார். தமிழ்ச்செல்வன் தட்டுவதற்குத் தூக்கின கையைத் தூக்கினபடியே வைத்துக்கொண்டு டீச்சரைப் பார்த்தான்.

"போலாமுங்களா டீச்சர்?"

"அவனே சொல்லிட்டானே தம்பி," என்றார் டீச்சர். "போலாம்."

தமிழ்ச்செல்வன் ரெண்டு தட்டுத் தட்டினான். பஸ் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் மாரப்பன் வாயைத் திறக்காமல் நின்றிருந்தார். பிறகு உள்ளே போய்க் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.